ஸ்ரீசிட்டி வேலிக்கு இந்தப் பக்கம் என்ன வந்தது? (அந்நிய முதலீட்டு ஆராய்ச்சிகள் பற்றி)

#1 ஆரணியாறு

வணக்கம். ஊர் சத்தியவேடு, படிப்பு திருப்பதியில். பொருளாதார ஆய்வு மாணவி. வளரும் நாடுகளுக்கு வர்ற அந்நிய நேரடி முதலீடு பற்றின ஆராய்ச்சி இதுவரை எந்தத் திசையில் போயிருக்குன்னு ஒரு அத்தியாயம் எழுதி முடிச்சேன். கைடு "பரவாயில்லை"ன்னுட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பலை. படிச்ச கட்டுரைகள்ல வெனிசுலா வருது, மொராக்கோ வருது, லித்துவேனியா வருது. தடா வரலை. தடா பக்கத்துல, ஆந்திர எல்லைக்குள்ள இருக்கிற தொழிற்பேட்டைதான் ஸ்ரீசிட்டி. நீங்கள்லாம் அந்த வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிறவங்க, அதான் இங்க போடறேன்.

முதல்ல கதைச் சுருக்கம். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம்.

வெளிநாட்டு முதலீடுன்னா வட்டி எங்க அதிகமோ அங்க பணம் ஓடும், அவ்வளவுதான்னு ஒரு காலத்துல நினைச்சாங்க. 1960-ல் எம்ஐடியில் ஸ்டீபன் ஹைமர் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் கேட்டார்: வட்டிதான் குறின்னா கடன் கொடுத்துட்டு வீட்ல உட்காரலாமே, எதுக்காக அடுத்தவன் நாட்டுல போய்த் தானே ஆலை கட்டி, தானே ஆள் வெச்சு நடத்தணும்? உள்ளூர்க்காரனிடம் இல்லாத ஏதோ ஒரு பலம் அந்தக் கம்பெனி கையில இருக்கு, அதை வெளியே விக்காம தானே ஆளப் பார்க்குதுங்கறது அவர் பதில். அந்த ஆய்வேடு புத்தகமா வந்தது 1976-ல், அவர் இறந்த பிறகு. எழுபதுகளின் கடைசியில் ஜான் டன்னிங் அதை விரிச்சு, கம்பெனியின் பலம், இடத்தின் வசதி, வெளியே குத்தகைக்கு விடாம தானே நடத்துறதில் உள்ள லாபம்னு மூணு காரணமாச் சொன்னார்.

தொண்ணூறுகள்ல கேள்வி மாறிச்சு. கம்பெனி ஏன் வருதுங்கறதை விட்டுட்டு, வந்த நாட்டுக்கு என்ன மிச்சம்னு கேட்க ஆரம்பிச்சாங்க. 1998-ல் போரன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 69 வளரும் நாடுகளை எடுத்துப் பார்த்து, படிப்பு ஒரு அளவைத் தாண்டின நாட்டில்தான் இந்த முதலீடு வளர்ச்சியைத் தூக்குதுன்னாங்க. 2004-ல் லாரா அல்ஃபாரோ குழு, படிப்பு மட்டும் பத்தாது, உள்ளூர்ல கடன் கிடைக்கிற வசதியும் வேணும்னாங்க. 2005-ல் கார்கோவிச், லெவைன் ரெண்டு பேரும், தனியா இதால வளர்ச்சின்னு சொல்ல ஆதாரமே இல்லைன்னு கையை விரிச்சாங்க. நாடு முழுக்க ஒரே எண்ணா எடுத்துக்கிட்டா இப்படித்தான் ஆளுக்கு ஒண்ணு சொல்லும்னு எனக்குத் தோணுது.

அதனால அடுத்த தலைமுறை ஆலைக்குள்ள போச்சு. 1999-ல் எய்ட்கனும் ஹாரிசனும் வெனிசுலா ஆலைகளைப் பார்த்தப்போ, வெளிநாட்டுக்காரன் வந்த துறையில் உள்நாட்டு ஆலைகளோட உற்பத்தித் திறன் குறைஞ்சிருந்தது. சந்தையை அவன் எடுத்துக்கிட்டான். அஞ்சு வருஷம் கழிச்சு பியாட்டா யவோர்சிக் லித்துவேனியாவை வெச்சுச் சொன்னது: போட்டியாளனைப் பார்க்காதே, அவனுக்குச் சரக்குக் கொடுக்கிறவனைப் பார். அங்கதான் நன்மை தெரியுது. அதுவும் உள்ளூர்க்காரன் பங்கு வெச்சிருக்கிற கூட்டுக் கம்பெனியா இருந்தா தெரியுது, முழுக்க வெளிநாட்டுக்காரனுதா இருந்தா தெரியலை.

2011-ல் ஹவ்ரானெக், இர்சோவா ரெண்டு பேரும் அதுவரை வந்த மதிப்பீடுகள் 3,626-ஐ ஒண்ணாப் போட்டுச் சலிச்சாங்க. சப்ளையருக்கு நன்மை கணிசம், அதே துறைப் போட்டியாளருக்கு சுழி. அதாவது எவ்வளவு வந்ததுங்கறதை விட, யார்கிட்ட வாங்குறாங்கங்கறதுதான் இப்போ கேள்வி.

என் கேள்வியும் அதுதான். ஸ்ரீசிட்டிக்குள்ள இருக்கிறவங்க யார்கிட்ட வாங்குறாங்க?

#2 கும்முடி லேத்து

தங்கச்சி, லித்துவேனியா எங்க இருக்குன்னு மேப்ல பாத்துட்டு வந்து எழுதறேன். அதை ஆராய்ச்சி பண்ண அந்த அம்மா சொன்னது பாதி சரி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷெட் வெச்சிருக்கேன். ரெண்டு விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்), லேத்து, ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். ஜிக்ஸ், ஃபிக்சர்னு பாகத்தைப் பிடிச்சு நிறுத்துற சாமான், சின்னச் சின்ன மெஷினிங். வீடு ஆரம்பாக்கம். எனக்கும் ஸ்ரீசிட்டிக்கும் நடுவுல ஒரு செக்போஸ்ட்தான். ஆனா உள்ள இருக்கிற பெரிய கம்பெனி பர்ச்சேஸ் ஆளை நான் நேர்ல பாத்தது கிடையாது. ஏன்னா அவன் என்கிட்ட வாங்குறதில்ல. அவன் நாட்டுல அவனுக்குச் சப்ளை பண்ணவன் கூடவே கிளம்பி வந்து பக்கத்து பிளாட்ல ஷெட் போட்டுட்டான். அவனுக்கு ஒரு மெட்ராஸ் வெண்டர். அந்த வெண்டருக்கு அவசரமா ஆள் பத்தலைன்னா எனக்கு ஜாப் ஒர்க் வரும். மெட்டீரியல் அவங்களது, டிராயிங் அவங்களது. எனக்கு மெஷின் ஓட்டின கூலி. நான் மூணாவது தட்டு.

உங்க கட்டுரையில சப்ளையர்னு சொல்றது யாரை? முதல் தட்டையா, என்னையா?

அதே சமயம் பொய் சொல்லக் கூடாது. அவங்க ஆடிட்டுக்கு வந்து போன பிறகுதான் எங்க ஷெட்ல முதல் பீஸ் ரிப்போர்ட் எழுதுற பழக்கம் வந்துச்சு. கேஜ் காலிபரேஷன் தேதி பாக்கிற பழக்கம், ரிஜெக்ஷன் எதனால வந்துச்சுன்னு போர்டுல எழுதி ஒட்டுற பழக்கம். இதுக்குக் காசு கொடுத்து ஆள் வெச்சிருந்தாலும் எங்க பசங்க கேட்டிருக்க மாட்டாங்க. ஆர்டர் போயிடும்ங்கற பயத்துல கத்துக்கிட்டாங்க.

#3 நகரி தறி

கூலிக்கு மாரடிக்கறதுக்கு முதலீடுன்னு பேரு. நெலம் எங்களது, தண்ணி எங்களது.

#4 ரிட்டயர்டு மேனேஜர், புத்தூர்

அம்மா, நன்றாக எழுதியிருக்கிறாய். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று போவதற்கு முன்னால், வந்ததாகச் சொல்லும் தொகையையே ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டவர் ஒரு நிறுவனத்தில் 10% அல்லது அதற்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்தால் அது நேரடி முதலீடு. இது உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறை. அந்தப் பணத்தில் ஒரு செங்கல்லாவது வைத்தார்களா என்று வரையறை கேட்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் பங்கை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கினாலும் முதலீடு. இங்கே சம்பாதித்த லாபத்தை இங்கேயே விட்டு வைத்தாலும் முதலீடு. 2019-ல் பன்னாட்டு நாணய நிதியத்தின் சஞ்சிகையில் டாம்கார்ட், எல்க்யார், யோஹான்சன் மூவரும் எழுதியதைப் படித்திருப்பாய். உலகின் நேரடி முதலீட்டில் ஏறத்தாழ 40%, அதாவது சுமார் 15 லட்சம் கோடி டாலர், ஆளும் ஆலையும் இல்லாத காகிதக் கம்பெனிகள் வழியாக வரி மிச்சத்துக்காகச் சுற்றி வருவது என்றார்கள். லக்சம்பர்க் என்ற குட்டி நாடு அமெரிக்காவுக்குச் சமமாக முதலீடு 'பெற்றிருக்கிறது'. நம் கணக்கில் மொரீஷியஸ் பல காலம் முதலிடத்தில் இருந்த மர்மமும் இதே வகைதான். 1982-ன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தை 2016-ல் திருத்திய பிறகுதான் அந்த வழி குறுகியது.

அடுத்தது, மொத்த வரவும் நிகர வரவும். 2024-25-ல் இந்தியாவுக்கு மொத்தமாக வந்தது சுமார் 8,100 கோடி டாலர். தலைப்புச் செய்தி. அதே ஆண்டு பங்கை விற்றும் போட்ட மூலதனத்தை எடுத்தும் வெளியே போனது 5,100 கோடி டாலருக்கு மேல். இந்தியக் கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டது மீதியை விழுங்கியது. ரிசர்வ் வங்கி முதலில் வெளியிட்ட கணக்குப்படி நிகரமாக நின்றது ஏறத்தாழ 35 கோடி டாலர். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஏறிப் போனவர்களை எண்ணாமல் விட்டால் எப்படி இருக்கும்? போனதெல்லாம் நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. பழைய முதலீட்டாளர் பங்குச் சந்தையில் நல்ல விலைக்கு விற்று வெளியேற முடிகிறது என்றால் சந்தை ஆரோக்கியமாக இருக்கிறது என்றும் பொருள். ஆனால் மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கை ஓட்டினால் என்ன அளக்கிறோம் என்றே தெரியாது.

#5 தடா டீக்கடை

கை உடைஞ்சா புத்தூர். கணக்கு உடைஞ்சாலும் புத்தூர்தான் போல.

#6 ஆரணியாறு

மேனேஜர் சார், அந்தச் சந்தேகத்தை நம்ம ஊர்லயே கிளப்பினவங்க இருக்காங்க. சலபதி ராவும் பிஸ்வஜித் தரும் 2011-ல் இந்தியாவுக்கு வந்த தொகையை ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்து, தொழில்நுட்பமும் நிர்வாகமும் கொண்டு வர்ற அசல் நேரடி முதலீடு எது, தனியார் பங்கு நிதிகள் போட்டது எது, இந்தியன் காசே வெளியே போய்த் திரும்பி வர்றது எதுன்னு தனித்தனியா வெச்சாங்க. அதைப் படிச்ச பிறகு மொத்த எண்ணை நம்ப எனக்கும் கை வரலை.

லேத்து அண்ணா, நீங்க கேட்ட கேள்விக்கு நேர் பதில் இருக்கு. பெரும்பாலான கட்டுரைகள் முதல் தட்டைக்கூடப் பார்க்கலை. லித்துவேனியாவில் எந்தத் துறை எந்தத் துறைக்கு விக்குதுங்கற அட்டவணையை வெச்சு, 'உங்க துறை அவங்க துறைக்கு விக்குது, அதனால நீங்க சப்ளையரா இருக்கலாம்'னு ஊகிச்சாங்க. நிஜமா யார் யாருக்கு வித்தாங்கன்னு தெரியாது. அதை உடைச்சது கோஸ்டா ரிகா ஆய்வு, 2022. அல்ஃபாரோ உரேனா, மானெலிச்சி, வாஸ்கெஸ் மூணு பேரும் வரித்துறைப் பதிவுகள்ல கம்பெனிக்குக் கம்பெனி நடந்த கொள்முதலை எடுத்தாங்க. ஒரு உள்ளூர்க் கம்பெனி முதல் முறையா பன்னாட்டுக் கம்பெனிக்கு வித்த நாள்லிருந்து நாலு வருஷம் கழிச்சுப் பார்த்தா ஆட்கள் 26% கூட, உற்பத்தித் திறன் 4 முதல் 9% கூட.

அதைப் படிச்சுட்டு எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நம்மகிட்ட ஜிஎஸ்டி 2017-லிருந்தே இருக்கு. யார் யாருக்கு பில் போட்டாங்கன்னு அரசாங்கத்துகிட்ட முழுசா இருக்கு. வெளியில இருக்கிற எங்களை மாதிரி மாணவர்களுக்கு அது எட்டாது. இங்க ஆய்வாளர்கள் அதிகம் எடுக்கிறது பெரிய கம்பெனிகளோட ஆண்டறிக்கைத் தொகுப்பு. மிஞ்சினா ஆலைகளின் ஆண்டு ஆய்வு, அதுவும் மின்சாரத்தோட பத்து ஆளாவது இருக்கிற ஆலைக்கு.

#7 கும்முடி லேத்து

நாங்க என்னையும் சேத்து ஏழு பேர்.

#8, #9 நீக்கப்பட்டன.

#10 மட்டுறுத்துநர்

எந்த முதலமைச்சர் எந்தக் கம்பெனியை யார்கிட்டருந்து தட்டிக்கிட்டு வந்தார்ங்கற சண்டைக்குத் தனி இழை இருக்கு. 'நெலம் எங்களது' கேள்வி இருக்கலாம், தலைப்புக்குள்ளதான் வருது. வசவு வேண்டாம்.

#11 லைன் நம்பர் மூணு

நாகலாபுரத்துலருந்து எழுதறேன். ஒரு போன் கம்பெனியில லைன்ல இருந்தேன், பேர் வேணாம். இருட்டுல பஸ் வரும், பிச்சாட்டூர்ப் பொண்ணுங்க முன்னாடியே தூங்கிக்கிட்டு வருவாங்க.

நீங்கள்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல என்னாச்சுன்னு பேசறீங்க. உள்ள போன எங்களுக்கு என்னாச்சுன்னு ஆராய்ச்சி இருக்கா? எனக்கு ஒரே ஸ்டேஷன். கேமரா டெஸ்ட். வருது, வெக்கறேன், பச்சை காட்டுது, அடுத்தது. ஒரு போன் முழுசா எப்படிச் சேருதுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஏஜென்சி ரோல், கம்பெனி ஆள் இல்ல, ஆள் அனுப்புற ஏஜென்சியோட ஆள். சூப்பர்வைசர் முன்னாடி ஸ்ரீபெரும்புதூர்ல வேலை பாத்தவர், அவருக்கு எல்லாம் தெரியும், அவர் அடுத்த கம்பெனிக்கு டபுள் சம்பளத்துல போயிட்டார்.

ஆனா என் பேர்ல பேங்க் அக்கவுண்ட், என் பேர்ல பிஎஃப் நம்பர். தம்பி பாலிடெக்னிக் ஃபீஸ் நான் கட்டினது. கல்யாணப் பேச்சை ரெண்டு வருஷம் தள்ளிப் போட முடிஞ்சது. அதுக்கு முன்னாடி எங்க தெருவுல பொண்ணுங்களுக்கு இருந்த வேலை கல்லக்காய் பறிக்கறதும் மாங்காய்த் தோப்பும்தான். இதெல்லாம் உங்க கணக்குல எந்தக் கட்டத்துல வரும்?

#12 ஆரணியாறு

அக்கா, நீங்க சொன்னதுல மூணு ஆராய்ச்சி அடங்கியிருக்கு.

சம்பளம்: லிப்சேயும் ஷோஹோமும் 2004-ல் இந்தோனேசியாவைப் பார்த்து, ஒரே படிப்புள்ள ஆளுக்கும் வெளிநாட்டு ஆலை கூடத்தான் தருதுன்னாங்க. ஆனா ஏஜென்சி ரோல்ல இருக்கிறவங்க கம்பெனி சம்பளப் பட்டியல்லயே வராம, கான்ட்ராக்டர் ஆளா வேற வரியில வருவாங்க. அதைச் சேர்த்தா முடிவு என்ன ஆகும்ங்கறது நம்ம ஊருக்கு உண்மையான கேள்வி.

ஆள் மாறும்போது கூடவே அறிவும் மாறுதுங்கறது இன்னொரு கிளை. கானா நாட்டுல கெர்க், ஸ்ட்ரோப்ல் ரெண்டு பேரும் 2005-ல் காட்டினாங்க: பன்னாட்டுக் கம்பெனியில வேலை பாத்துட்டு அதே தொழில்ல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்ச முதலாளிங்க மத்தவங்களைவிட நல்லா ஓட்டுறாங்க. வங்கதேசம் இதுக்குப் பெரிய சாட்சி. 1979-ல் தேஷ் என்ற கம்பெனி 130 பேரை கொரியாவுக்கு, டேவூ ஆலையில் பயிற்சிக்கு அனுப்பிச்சு. எண்பதுகள்ல அவங்கள்ல 115 பேர் வெளியேறி சொந்தமாவோ மத்தவங்களுக்காகவோ ஆடை ஆலை போட்டாங்க. அந்த நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலோட விதை அது. கறாரா சொன்னா அது முதலீடே இல்லை, தொழில்நுட்ப ஒப்பந்தம். இருந்தாலும் எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க.

#13 லைன் நம்பர் மூணு

அந்த 130 பேரு கொரியா போய் ஆலை முழுக்கக் கத்துக்கிட்டு வந்தாங்க. நான் கேமரா டெஸ்ட். நான் வெளிய வந்து எதைப் போடறது? எங்க சூப்பர்வைசர் மாதிரி ஆளு அறிவைத் தூக்கிட்டுப் போனா அது இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத்தான் போவுது. தெருவுக்கு வர்றதில்ல.

#14 சித்தூர்ப்புழை

எங்க சித்தூர் ஆந்திராவுது இல்லைங்க, கேரளத்துல பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நாங்களும் எல்லைத் தமிழருங்கதான், எல்லைதான் வேற.

எங்களுக்கு வந்த அந்நிய முதலீடு எல்லாருக்கும் தெரிஞ்சதுங்க. 1977-ல் செலாவணிச் சட்டத்துக்காக நாட்டை விட்டுப் போன கோகோ கோலா 1993-ல் திரும்ப வந்துச்சு. 2000-ல் பிளாச்சிமடையில, பெருமாட்டி பஞ்சாயத்துல, ஆலை ஓட ஆரம்பிச்சுது. கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னு 2002 ஏப்ரல்ல ஆதிவாசி சனங்க வாசல்ல உக்காந்தாங்க. 2003-ல் பஞ்சாயத்து லைசன்சைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. 2004 மார்ச்சுல ஆலை நின்னுது. அப்புறம் திறக்கவே இல்லைங்க. 2010-ல் அரசு போட்ட உயர்மட்டக் குழு நட்டத்தை 216.26 கோடி ரூபாய்னு கணக்குப் போட்டுச்சு. அதை வாங்கித் தர ஒரு தீர்ப்பாயம் அமைக்கணும்னு கேரளச் சட்டசபை 2011-ல் மசோதா போட்டும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கலைங்க.

இதைப் பத்தி உங்க பொருளாதாரத்துல ஏதாச்சும் இருக்குதுங்களா?

#15 ஆரணியாறு

இருக்குங்க, ஆனா நீங்க எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. சுற்றுச்சூழல் சட்டம் தளர்ந்த நாட்டைத் தேடி அழுக்குத் தொழில் ஓடுதான்னு பெரிய விவாதம் இருக்கு. எஸ்கிலண்ட், ஹாரிசன் 2003-ல் மெக்சிகோ, மொராக்கோ, வெனிசுலா, ஐவரி கோஸ்ட் நாலையும் பார்த்து, அப்படி ஓடுறதுக்கு வலுவான சான்று இல்லை, வெளிநாட்டு ஆலைகள் உள்ளூர் ஆலைகளைவிட எரிசக்தியைச் சிக்கனமாத்தான் செலவழிக்குதுன்னாங்க.

#16 சித்தூர்ப்புழை

எரிசக்தியை அளந்தாங்க, சரிங்க. எங்களுது தண்ணியுங்க. கரண்டுக்கு மீட்டர் இருக்குது, பில்லு இருக்குது, அதனால அளக்க முடிஞ்சுது. பூமிக்கடியில இருக்கிறதுக்கு எந்தக் கணக்குப் புஸ்தகத்துல வரி இருக்குது? அளக்க எது சுலபமோ அதை அளந்துபோட்டு, பிரச்சினை இல்லைன்னா எப்படிங்க.

#17 ரிட்டயர்டு மேனேஜர், புத்தூர்

இந்தப் பதிவுக்கு என் வோட்டு.

லேத்துத் தம்பிக்கு ஒரு கேள்வி. முதல் தட்டுக்கு ஏன் உங்களால் ஏற முடியவில்லை? திறமையா, பணமா?

#18 கும்முடி லேத்து

சார், பேங்க் மேனேஜர் கேக்கிற கேள்வியா இது.

ரெண்டும்தான், ஆனா பணம் முதல்ல. நேரடி பிஓ (கொள்முதல் ஆர்டர்) கிடைக்கணும்னா சிஎம்எம்னு அளவு பாக்கிற மெஷின் வெக்கணும், டெம்பரேச்சர் கன்ட்ரோல் ரூம் வெக்கணும். அது என் ரெண்டு விஎம்சி விலை. சரி, கடன் வாங்கி வெச்சுட்டேன்னு வைங்க. மெட்டீரியல் நானே வாங்கணும், ஸ்டீல்காரன் ரொக்கம் கேப்பான். சரக்கு போய் பணம் வர தொண்ணூறு நாள், நூத்தி இருபது நாள். சட்டம் நாப்பத்தஞ்சு நாள்னு சொல்லுது, தெரியும். கம்ப்ளெயின்ட் போடுறவன் அடுத்த பிஓ மறந்துடணும், அதுவும் தெரியும். ஒரு தடவை ஒரு வெண்டர்கிட்ட, பேர் வேணாம், பில்லு மாட்டிக்கிச்சு. மேல இருந்த பெரிய கம்பெனி கடையை மூடினதும் அவன் போனை எடுக்கறதை நிறுத்திட்டான். அந்த வருஷம் லேத்துல ஒண்ணை வித்தேன்.

இன்னொண்ணு. ஸ்ரீசிட்டில செஸ் (சிறப்புப் பொருளாதார மண்டலம்) உள்ள சப்ளை பண்ணா ஜிஎஸ்டி ஜீரோ ரேட்டட், அதாவது வரி சுழி. கேக்க நல்லா இருக்கும். எல்யூடின்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு, உள்ள இருக்கிற ஆபீசர்கிட்ட இன்வாய்ஸ்ல ஒப்பம் வாங்கி, நாம கட்டின வரியை ரீஃபண்ட் கேட்டு வாங்கணும். பெரிய வெண்டருக்கு அதுக்குன்னு ஆள் இருக்கான். எனக்கு நானேதான் ஆளு. அதுக்கு ஜாப் ஒர்க்கே மேல்னு விட்டுடறேன்.

#19 ரிட்டயர்டு மேனேஜர், புத்தூர்

முதல் பதிவில் அம்மா சொன்ன அல்ஃபாரோ 2004 இதுதான். நாடுகளை வைத்து அவர்கள் சொன்னது இவர் ஷெட்டில் தெரிகிறது. முதலீடு வந்து இறங்கிவிட்டது, கற்றுக்கொள்ள ஆளும் தயார். இடையில் அந்தத் தொண்ணூறு நாளைத் தாங்கக் கடன் இல்லை, அதனால் அறிவு முதல் தட்டோடு நின்றுவிடுகிறது. பில்லை மின்னணு ஏலத்தில் தள்ளுபடிக்குக் கொடுக்கும் டிரெட்ஸ் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வாங்கிய கம்பெனி அந்த பில்லை ஏற்றுக்கொண்டால்தான் அது நகரும். எங்கள் கிளையில் இருந்தவரை, சொத்து அடமானம் இல்லாமல் பிஓவை மட்டும் நம்பிக் கடன் லிமிட் கொடுக்க மேலிடம் ஒப்புக்கொண்டது அபூர்வம்.

#20 ஆரணியாறு

ஜான் சட்டன் 2004-ல் இந்தியாவிலும் சீனாவிலும் கார் உதிரிபாகத் தொழிலை ஒப்பிட்டார். முதல் தட்டு சப்ளையர்கள் தரத்துல உலக அளவை நெருங்கிட்டாங்க, ரெண்டாம் தட்டு ரொம்பப் பின்னால நிக்குதுன்னார். மூணாம் தட்டுக்கு அவர் வரவே இல்லை. அண்ணா சொல்றதைக் கேட்டா அந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கு.

மேல இருக்கிறவன் மூடிட்டுப் போனா என்ன ஆகும்ங்கறதும் இப்போ சூடான கிளை. முன்னெல்லாம் வரவைப் பத்தி மட்டும்தான் எழுதினாங்க. யவோர்சிக், புல்ஹெக்கே 2017-ல் இந்தோனேசியாவில் வெளிநாட்டுக்காரன் உள்ளூர்க்காரனுக்கு வித்துட்டுப் போன ஆலைகளைப் பார்த்தாங்க. உற்பத்தித் திறன், உற்பத்தி, ஏற்றுமதி எல்லாம் இறங்கியிருந்தது. மெஷின் அங்கேயே இருக்கு, ஆனா தலைமைக் கம்பெனியிலருந்து தொடர்ந்து வந்துக்கிட்டிருந்த உதவி நின்னுடுச்சு. நம்ம பக்கம் 2014 நவம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா நின்னது, 2021-ல் ஃபோர்டு கிளம்பறேன்னு அறிவிச்சது.

#21 நகரி தறி

அப்ப பாதி சாமான் உள்ளூர்லதான் வாங்கணும்னு சட்டம் போட்டா முடிஞ்சுதே. இதுக்கு எதுக்கு இத்தனை வெள்ளைக்காரன் பேரு?

#22 ஆரணியாறு

போட்டிருந்தாங்க. 1997 டிசம்பர்ல கார் கம்பெனிகளுக்கு விதி: மூணாவது வருஷத்துக்குள்ள 50%, அஞ்சாவது வருஷத்துக்குள்ள 70% பாகம் உள்நாட்டுல செஞ்சதா இருக்கணும். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போச்சு, 2001-ல் தீர்ப்பு நமக்கு எதிரா வந்துச்சு. அந்த மாதிரி நிபந்தனை 1995-லிருந்தே உலக ஒப்பந்தத்துல தடை.

ஆனா அந்த விதியே கணக்குப் பார்த்தது இடத்தை, ஆளை இல்லை. கொரியாக்காரன் கூட்டிட்டு வந்த கொரிய வெண்டர் ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்சா அதுவும் உள்நாடுதான். லேத்து அண்ணா சொன்ன 'பக்கத்து பிளாட்' விஷயம் அங்கிருந்தே தொடங்கிடுச்சு.

#23 நகரி தறி

சரி, வெள்ளைக்காரன் பேரு இருக்கட்டும்.

#24 ரிட்டயர்டு மேனேஜர், புத்தூர்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. எல்லை.

1960 ஏப்ரல் 1-ல் எல்லையை மாற்றினார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. சனங்களும் பேச்சும் அப்படியே இருந்தன. இப்போது ஆலை ஆந்திராவில், தம்பியின் லேத்து தமிழ்நாட்டில், அந்த அம்மாவின் பஸ் நாகலாபுரத்தில். நிலச் சலுகை, வரிச் சலுகை கொடுத்தது ஒரு மாநிலம். அதன் பலன் கொஞ்சம் கும்மிடிப்பூண்டிக்குக் கசிந்தால் அதை எந்த மாநிலத்துப் பொருளாதார அறிக்கையும் எழுதாது. எழுத அவர்களுக்கு அக்கறையும் கிடையாது.

மாநில வாரிக் கணக்கின் லட்சணமும் தெரிந்துகொள். 2019 அக்டோபருக்கு முன்னால் மாநில வாரியாக அந்நிய முதலீட்டுக் கணக்கே கிடையாது. ரிசர்வ் வங்கியின் எந்த வட்டார அலுவலகத்தில் தாக்கல் ஆயிற்று என்றுதான் போட்டார்கள். சென்னை அலுவலகம் என்றால் தமிழ்நாடும் புதுச்சேரியும், ஐதராபாத் என்றால் ஆந்திரம். தலைமையகத்தைச் சென்னையில் பதிவு செய்துவிட்டு ஆலையைத் தடாவுக்கு அப்பால் கட்டினால், காகிதத்தில் அது எங்கே விழும் என்று யோசித்துப் பார். அந்த எண்களை வைத்து 'எந்த மாநிலம் முந்துகிறது' என்று எத்தனை ஆய்வேடுகள் வந்தனவோ.

#25 தடா டீக்கடை

சார் சொன்னது நூத்துக்கு நூறு. என் கடையில ரெண்டு ஸ்டேட் பஸ்காரனும் டீ குடிக்கிறான், நான் எந்த ஸ்டேட்டோட வளர்ச்சி?

#26 ஆரணியாறு

ராத்திரி முழுக்க இதையே யோசிச்சேன். அத்தியாயத்தை இப்படித் திருப்பப் போறேன்.

இப்போதைய போக்குல நாடுகளுக்கு நடுவுல இருக்கிற அரசியல் நெருக்கம்தான் பெரிசாப் பேசப்படுது. 2023 ஏப்ரல் அறிக்கையில பன்னாட்டு நாணய நிதியம், முதலீடு இப்போ பக்கத்து நாட்டைவிட அரசியல்ல ஒத்துப்போற நாட்டைத் தேடுதுன்னு காட்டிச்சு. நாமளும் 2020 ஏப்ரல்ல, நில எல்லையைப் பங்கு போடுற நாடுகள்லருந்து வர்ற முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம்னோம். போன் ஆலைகள் இங்க பெருகுறதுக்கு இந்த நாட்டு அரசியலும் ஒரு காரணம். அதை ரெண்டு பக்கத்துல முடிச்சுக்கறேன், எல்லாரும் எழுதிட்டாங்க.

மீதியை சூளூர்பேட்டை, தடா, சத்தியவேடு, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, இந்த அஞ்சுல ரெண்டு மாநிலத்துப் பட்டறைகளையும் ஒரே வட்டமா எடுத்து, யார் யாருக்கு எந்தத் தட்டுல வேலை செய்யறாங்கன்னு கையால வரையப் போறேன். ஜிஎஸ்டி தரவு எட்டலைன்னா என்ன, பட்டறையில பில் புக் இருக்கு. தண்ணீரையும் ஏஜென்சி ரோலையும் தனி அட்டவணையா வெக்கறேன். கைடு பயப்படுவார், மாதிரி எண்ணிக்கை பத்தாதுன்னு.

#27 கும்முடி லேத்து

பில் புக் காட்டறேன். என்னை மாதிரி நாலு பேரையும் கூட்டிட்டு வரேன், ஞாயித்துக்கிழமை வா. கஸ்டமர் பேரை மறைச்சுடணும், அது கண்டிஷன். விலையையும் எழுதக் கூடாது, பக்கத்து ஷெட்காரன் படிச்சான்னா என் ரேட்டை உடைப்பான். ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு எண்ணைப் பாத்தாலே ஊர் தெரிஞ்சுடும், 33-ன்னா நம்ம பக்கம், 37-ன்னா உங்க பக்கம்.

#28 லைன் நம்பர் மூணு

பொண்ணுங்ககிட்ட கேக்கணும்னா கம்பெனி வாசல்ல நிக்காதீங்க, செக்யூரிட்டி பேர் எழுதிக்குவான், அப்புறம் அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். ஹாஸ்டல்லயும் வேணாம். லீவு நாள்ல ஊருக்கு வாங்க. எங்க தெருவுலயே வேலையை விட்டவங்களும் இருக்காங்க, இப்ப போறவங்களும் இருக்காங்க.

#29 கும்முடி லேத்து

ஒண்ணு விட்டுப்போச்சு. ரெண்டு பக்கமும் ஷெட் வெச்சு 33, 37 ரெண்டு நம்பரும் வெச்சிருக்கவன் இருக்கான். அவனை எந்தப் பக்கம் எழுதுவ?

#30 ஆரணியாறு

சரக்கு எந்த ஷெட்லருந்து வண்டி ஏறுதோ அந்தப் பக்கம்ணா.

#31 கும்முடி லேத்து

அப்ப ஒரே ஆள் ரெண்டு தடவை வருவான்.

#32 ஆரணியாறு

வரட்டும். முதலாளி ஒருத்தர்னு அடியில குறிப்புப் போட்டுடறேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸுல வர்றேன், கவரைப்பேட்டைக்காரங்க யாராச்சும் இருந்தாலும் சொல்லுங்க.